ஆளோலையும் திருமுகமும்

ஒரு மனிதனின் தகுதிக்கு மற்றொரு மனிதன் எழுத்தில் உறுதி கூறும்போது, அவ்வெழுத்து அவனை உயர்த்துகிறதா, அல்லது அவனுடைய மதிப்பை எழுதியவரிடமிருந்து இரவல் பெற்ற ஒன்றாக்கிவிடுகிறதா என்னும் கேள்வி, அறவியலும் சமயமும் ஒருங்கே எதிர்கொள்ள வேண்டிய ஒன்றாகும். தமிழ் மொழி இக்கேள்வியைத் தன் சொல்லமைப்பிலேயே வைத்திருக்கிறது. நிறைதல் என்னும் பொருளுடைய ‘சால்’ என்ற வேரிலிருந்தே, ஒன்றை மெய்ப்பிக்கும் ஆதாரமாகிய ‘சான்று’ என்ற சொல்லும், பண்பால் நிறைந்தவர் எனப்படும் ‘சான்றோர்’ என்ற சொல்லும் பிறந்தன. ஆனால் சான்றோர் எனத்தக்க ஒருவர் சான்று இல்லாமல் அயலூர்க்குச் செல்லும்போது அவரை யார் அறிவார் என்பதும், சான்று எழுதிக் கொடுப்பவர் அதனாலேயே அவர்மேல் உரிமை கொண்டாடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதும் அச்சொல்லமைப்பால் மட்டும் தீர்ந்துவிடக் கூடியவை அல்ல.

தமிழ்ச் சைவ மரபில் இரண்டு ஓலைகள் இக்கேள்வியின் இரு முனைகளாக நிற்கின்றன. முதலாவது, சுந்தரர் வரலாற்றில் வரும் ஆளோலை, அதாவது ஒருவன் வழிவழியாக மற்றொருவனுக்கு அடிமை என்று எழுதப்பட்ட ஆவணம். மணப்பந்தலில் வந்து வழக்கிட்ட முதியவரின் கையிலிருந்த ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை வேறாக உண்டு என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கு வழக்கமான அனுபோகம், எழுதப்பட்ட ஆவணம், அயலார் கண்டு கூறும் சாட்சி என்ற மூவகைச் சான்றுகளும் பேசப்பட்டு, பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பிடப்பட்டு, தீர்ப்புச் சுந்தரருக்கு எதிராகவே முடிகிறது. இதைப் புராணக் கற்பனை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது; மனிதர் தம்மையும் தம் குடும்பத்தையும் கோயிலுக்கோ மடத்துக்கோ விற்றுக்கொண்ட ஆள்விலை ஆவணங்கள் சோழர் காலக் கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளன. இவ்வரலாற்றைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் கூறும் வழக்கு, அவர் காலத்து மக்கள் நன்கறிந்த ஒரு நடைமுறையின் மொழியிலேயே நடக்கிறது.

இரண்டாவது ஓலை, பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் வைக்கப்பட்டுள்ள திருமுகப் பாசுரம். திருமுகம் என்பது பெரியோர் விடுக்கும் மடலைக் குறிக்கும் சொல். மதுரை ஆலவாயில் இறைவன் முன் யாழிசைத்து வறுமையில் வாடிய பாணபத்திரரின் பொருட்டு, அவருக்குப் பொருள் கொடுத்து அனுப்புமாறு சேரமான் பெருமாளுக்கு இறைவனே எழுதியது என்று சைவர் அதனைப் போற்றுவர். இன்றைய வழக்கில் சொன்னால் அது ஓர் அறிமுகக் கடிதம். சேரமான் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடித் தம் கருவூலம் முழுவதையும் எடுத்து நீட்டியதாகவும், பாணர் தமக்கு வேண்டிய அளவே பெற்றுக்கொண்டு திரும்பியதாகவும் பெரியபுராணம் சொல்கிறது.

இரண்டும் ஓலைகளே, இரண்டும் ஒரு மனிதனைப் பெயர் சுட்டிக் குறிப்பவையே, இரண்டுக்கும் பின்னால் நிற்பவர் அவனைவிட வலியவரே. வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது. ஆளோலை உரிமை கோருபவன் கையில் இருக்கிறது; திருமுகமோ யாரைப் பற்றியதோ அவர் கையிலேயே கொடுக்கப்படுகிறது. ஆளோலை குறிக்கப்பட்டவனைக் கடமைக்கு உள்ளாக்குகிறது; திருமுகம் பெறுபவனையும் எழுதியவரையும் கடமைக்கு உள்ளாக்குகிறது, ஏனெனில் பாணர் தகுதியற்றவரானால் இழுக்கு எழுதியவருக்கே சேரும். ஆளோலை தலைமுறைகளைக் கடந்தும் செல்லத்தக்கதாக எழுதப்படுகிறது; திருமுகம் தன் வேலை முடிந்தவுடன் ஓய்கிறது. கையிருப்பு, கடமை, காலம் என்னும் இம்மூன்றும் சேர்ந்தே, ஒரு சான்று விடுதலையின் பக்கம் நிற்கிறதா, கட்டின் பக்கம் நிற்கிறதா என்பதைத் தீர்மானிக்கின்றன என்று கொள்ளலாம். வரலாற்றில் வந்த காகிதங்களோ பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில் ஊசலாடியவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் இயங்கிய அடிமை ஒழிப்பாளர்களின் அறிமுகக் கடிதங்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அவ்வியக்கத்தில் முன்னின்ற குவேக்கர்கள், அதாவது குருமார் இன்றி அமைதியாகக் கூடி வழிபடும் நண்பர்கள் சங்கத்தார், வெளியூர் செல்லும் தம் உறுப்பினருக்குத் தத்தம் மாதக் கூட்டத்தின் ஒப்புதலை எழுதிக் கொடுத்தனுப்பும் வழக்கம் உடையவர்கள். பாஸ்டனிலும் டப்ளினிலும் லண்டனிலும் ஒருவரையொருவர் கண்டிராதவர்களை ஓர் இயக்கமாக இணைத்தவற்றுள் இத்தகைய மடல்களும் அடங்கும். எனினும் மடல் இருந்தால் மட்டும் போதவில்லை. 1840 ஜூன் மாதம் லண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டுக்கு, அமெரிக்கச் சங்கங்களால் முறையாகத் தேர்ந்தனுப்பப்பட்ட லுக்ரீஷியா மாட் முதலிய பெண்கள், பெண்கள் என்ற ஒரே காரணத்தால் பேராளர்களாக அமர மறுக்கப்பட்டார்கள். அடிமையின் விடுதலைக்காகக் கூடிய அவையே, கையில் சான்றோடு வந்தவர்களைப் பார்வையாளராக ஒதுக்கியது.

பிரெடரிக் டக்ளஸின் வாழ்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அடிமையாகப் பிறந்து தப்பிவந்த அவர் 1845 இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபோது, நூலின் முகப்பில் வில்லியம் லாயிட் கேரிசன், வெண்டல் பிலிப்ஸ் என்ற இரண்டு வெள்ளைச் சீர்திருத்தக்காரர்களின் உறுதிமொழிகள் இடம்பெற்றன. தன் முதுகில் பட்ட அடியைப் பற்றி ஒருவன் தானே எழுதினாலும், அது உண்மை என்று வேறு நிறத்தவர் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு அவர் அயர்லாந்துக்குச் சென்றபோது, அங்கு அவருடைய நூலை அச்சிட்டு உதவிய டப்ளின் குவேக்கர் ரிச்சர்ட் வெப்புக்கு, பாஸ்டனிலிருந்து அடிமை ஒழிப்பாளர் மரியா வெஸ்டன் சாப்மன் எழுதிய கடிதம், டக்ளஸ் பணத்துக்காக இயக்கத்துக்குள்ளிருந்த எதிரணியின் பக்கம் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையைச் சுமந்து வந்தது. வெப் அதை டக்ளஸ் கேட்கவே வாசித்துவிட்டார். 1846 மார்ச்சில் டக்ளஸ் தம் மனவருத்தத்தைச் சாப்மனுக்கு நேரடியாக எழுதினார். அறிமுகம் செய்த கையே கண்காணிப்பையும் செய்தது என்பதே அவ்வருத்தத்தின் சாரம்.

அவ்வாண்டின் இறுதியில், நியூகாசில் நகர நண்பர்கள் பணம் திரட்ட, 150 பவுன் கொடுத்து அவருடைய விடுதலை சட்டப்படி வாங்கப்பட்டது. விலைகொடுத்து வாங்கியது மனிதனை விற்கும் உரிமையை ஒப்புக்கொண்டதாகாதா என்று ஹென்றி ரைட் போன்ற தோழர்கள் கடிந்துகொண்டார்கள்; கொள்ளைக்காரனுக்குப் பணம் கொடுத்து உயிர் மீண்டவன் கொள்ளையை ஏற்றவனாகான் என்னும் போக்கில் டக்ளஸ் தம் நிலையை விளக்கினார். ஆளோலையைக் கிழிப்பது வீரம்; ஆனால் மூல ஓலை வேறிடத்தில் இருக்கும்வரை கிழித்தது படியோலைதான் என்பதைத் திருவெண்ணெய்நல்லூர் வழக்கும் கூறுகிறது. டக்ளஸ் 1847 இல் ராச்செஸ்டர் நகரில் தமக்கென ஓர் இதழைத் தொடங்கினார். 1855 இல் அவர் இரண்டாம் முறை தம் வரலாற்றை எழுதியபோது அதற்கு முன்னுரை தந்தவர் ஜேம்ஸ் மக்யூன் ஸ்மித் என்ற கறுப்பின மருத்துவர். சான்று தேவைப்படாமல் போகவில்லை. சான்று கூறும் உரிமைதான் கைமாறியிருந்தது.

இக்கேள்வி மலேசியாவின் பேராக் மாநிலத்துக்கு வரும்போது காகிதத்தோடு கடனும் சேர்ந்துகொள்கிறது. பிரிட்டிஷார் வருவதற்கு முன்பே அங்குக் கடனடிமை முறை வேரூன்றியிருந்தது. கடன்பட்டவர் அதைத் தீர்க்கும்வரை கடன் கொடுத்தவருக்கு உழைக்க வேண்டும், ஆனால் அவ்வுழைப்பு கடனிலிருந்து கழிக்கப்படாது என்பதே அதன் தன்மை. 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச்மீது மலாய்த் தலைவர்கள் கொண்ட சினத்துக்கு, தப்பிவந்த அடிமைப் பெண்களுக்கு அவர் புகலிடம் தந்ததும் காரணங்களுள் ஒன்று. பின்னர் ரெசிடென்டாக வந்த ஹியூ லோவின் காலத்தில், 1883 ஆம் ஆண்டின் இறுதியோடு பேராக்கில் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதே ஹியூ லோதான் 1877 இல் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகளை நட்டவர்; கடனடிமை ஒழிந்த மண்ணில், முன்பணத்தால் கட்டுண்ட வேறொரு மக்கள் கூட்டத்தை அழைத்து வரப்போகும் பயிர், அவருடைய தோட்டத்திலேயே வளர்ந்துகொண்டிருந்தது.

அக்கூட்டம் தமிழர்கள். கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களுக்கு அவர்கள் முதலில் ஒப்பந்தக் கூலிகளாக, மலேசியத் தமிழர் வாய்மொழியில் ‘சஞ்சிக்கூலி’களாக வந்தார்கள், குறித்த ஆண்டுகள் உழைத்துத் தீர்க்க வேண்டிய கடனாகப் பயணச் செலவே எழுதப்பட்டது. இந்தியர்க்கான ஒப்பந்த முறை மலாயாவில் 1910 இல் நிறுத்தப்பட்டபோது, ரப்பர்த் தோட்டங்களில் கங்காணி முறை ஏற்கெனவே ஓங்கியிருந்தது. கண்காணிப்பவன் என்ற பொருளுடைய ‘கண்காணி’யே பேச்சில் ‘கங்காணி’ ஆயிற்று. தோட்டத்துத் துரையின் நம்பிக்கை பெற்ற ஒரு தொழிலாளி, அரசு உரிமச் சீட்டோடு தன் சொந்த ஊருக்குப் போய், உறவினரையும் ஊராரையும் சேர்த்து, கிராம முன்சீப்பின் ஒப்பம் பெற்று, நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமுக்கு அழைத்து வந்து கப்பலேற்றுவான். தோட்டத்தில் அவர்கள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் ஆளொன்றுக்கு இவ்வளவு எனத் ‘தலைக்காசு’ பெறுவான்.

கங்காணியின் உரிமச் சீட்டை ஓர் அறிமுகக் கடிதமாகப் படித்தால் அதன் இயல்பு புலப்படும். துரை கங்காணிக்கு உறுதி கூறுகிறார்; கங்காணி தோட்டத்தைப் பற்றி ஊருக்கு உறுதி கூறுகிறான்; முன்சீப் ஆள்கள் விருப்பத்தோடு போகிறார்கள் என்று அரசுக்கு உறுதி கூறுகிறார். இத்தனை பேர் உறுதி கூறும் இச்சங்கிலியில், கப்பலேறும் மனிதன் மட்டும் எவருக்கும் எதையும் எழுதுவதில்லை. அவனைப் பற்றிய சீட்டு அவன் கையிலும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது. இன்ன கூலிகளின் கடனை அடைத்தால் அவர்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத் துரை எழுதித் தந்த சீட்டைத் தொழிலாளர்கள் ‘துண்டு’ என்றார்கள். அதைக் கொண்டே அவர்கள் வேறு தோட்டத்துக்கு மாற முடிந்தது. பார்வைக்கு அறிமுகக் கடிதமாகவும் உள்ளடக்கத்தில் விலைச்சீட்டாகவும் இருந்த அம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலாயாவில் 1907 இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, பயணச் செலவை முதலாளிகளின் பொதுச் சுமையாக்கியதால், அங்கு வந்திறங்கிய தொழிலாளி சட்டத்தின் கண்ணில் கடனற்றவனானான். எனினும் வேலைக்கு வரும் தலைகளை எண்ணிக் காசு வாங்கும் கங்காணிக்கு அவனை நகரவிடாமல் வைத்திருப்பதில் இலாபம் இருந்தது.

இங்கு ஒரு மறுப்பை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து சென்றவர்களுள் பலர், மிராசுதாரின் நிலத்தில் பரம்பரையாகக் கட்டுண்ட பண்ணையாள்களாகவும் படியாள்களாகவும் இருந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். இந்தியாவில் அடிமை நிலையைச் சட்டம் ஏற்காது என்று 1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அறிவித்த பின்னரும், கடனும் சாதியும் அவர்களைப் பண்ணையோடு பிணைத்திருந்தன. அவர்களுக்குக் கங்காணியின் சொல், ஊரைவிட்டு வெளியேறக் கிடைத்த ஒரே திருமுகமாகவும் இருந்திருக்கும். பழைய ஆளோலையிலிருந்து தப்பிக்கப் புதிய ஆளோலை ஒன்றில் விரலொப்பம் வைப்பதை அறியாமை என்று மட்டும் கூறுவது, அவர்கள் செய்த தெரிவின் கனத்தைக் குறைப்பதாகும். ஒரே காகிதம், பார்ப்பவன் எங்கு நிற்கிறான் என்பதைப் பொறுத்து, கதவாகவும் பூட்டாகவும் இருக்க முடியும்.

ஒப்பந்த முறைக்கு எதிராக எழுந்த இந்தியச் சீர்திருத்தக்காரர்களும் இச்சிக்கலிலிருந்து விடுபட்டவர்கள் அல்லர். கோகலே 1912 மார்ச்சில் இந்தியாவின் இம்பீரியல் சட்டமன்றத்தில் ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கக் கோரிக் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. அவர் ஊக்கி அனுப்பிய சி. எஃப். ஆண்ட்ரூசும் பியர்சனும் 1914 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் காந்தியிடம் சேர்ந்தார்கள். 1915 இல் அவர்களிருவரும் பிஜித் தீவுக்குச் சென்று தந்த அறிக்கை, அம்முறை வீழ்வதற்குப் பெருந்துணையானது. 1922 ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் பின் இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்ந்து தோட்டங்களின் நிலையைப் பார்வையிட்டு எழுதினார். ஸ்ரீநிவாச சாஸ்திரி நேரில் வந்து கண்டு 1937 இல் அறிக்கை தந்தார். 1938 ஜூனில் மலாயாவுக்கான உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடைசெய்ய, கங்காணியின் உரிமச் சீட்டு செல்லாக் காகிதமாயிற்று. இவை அனைத்தும் நன்மைகளே. ஆயினும் தோட்டத் தொழிலாளியைப் பற்றிப் படித்தவர்கள் படித்தவர்களுக்கு எழுதிய மடல்களாகவே இவை இருந்தன. தோட்டக் குடியிருப்பாகிய லயத்தில் வாழ்ந்தவன் அவற்றின் பொருளாக இருந்தான், அவற்றை எடுத்துச் செல்பவனாக இருக்கவில்லை.

அப்படியானால் பிறர் சான்றே வேண்டாம் என்று தள்ளிவிடலாமா எனில், அதுவும் இயலாது. யாரையும் ஆராயாமல் தெளியக் கூடாது என்பதற்கெனத் திருக்குறள் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரத்தையே வைத்திருக்கிறது. எல்லாரையும் தானே ஆராய்ந்தறிய எவராலும் முடியாதென்பதால், அறிந்தவர் சொல்லை அறியாதவர் ஏற்பது மனித வாழ்வின் இன்றியமையாத நிலையாகும். 1893 இல் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடுவீடாகப் பணம் திரட்டி விவேகானந்தரை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, சிகாகோ சமயப் பேரவைக்கு வேண்டிய அறிமுகச் சான்று எதுவும் அவரிடம் இல்லை. அவருக்கு அங்கு விருந்தோம்பிய கேட் சான்பார்னின் உறவினரும், அவரைச் சரடோகா கூட்டத்துக்கு அழைத்தவருமான ஃபிராங்க்ளின் சான்பார்ன், அடிமைகளின் கிளர்ச்சிக்கு ஆயுதம் திரட்டிய ஜான் பிரவுனுக்கு மறைவாக உதவிய அறுவருள் ஒருவர். விவேகானந்தருக்குப் பேரவைக்கான மடல் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ரைட், இவரிடம் சான்று கேட்பது ஒளிவிடும் உரிமை ஏதென்று கதிரவனைக் கேட்பதற்கு ஒப்பாகும் என்று சொன்னதாக வழங்குகிறது. அவ்வாறு சொல்லிக்கொண்டே அவர் மடலையும் எழுதினார். நல்ல சான்றின் இலக்கணம் இதில் அடங்கியிருக்கிறது: உலகின் குறைபாட்டுக்காக எழுதப்படுவதாகவும், எழுதப்பட்டவரின் குறைபாட்டுக்காக அல்ல என்பதை எழுதுபவர் அறிந்ததாகவும் அது இருக்க வேண்டும்.

பேராக்கின் பிற்கால வரலாற்றில் இவ்விலக்கணத்தை நெருங்கும் ஒரு காகிதம் தோன்றியது. மலாயாவின் விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளர்கள் தவணையில் பங்குப் பணம் செலுத்தித் தோட்டங்களை வாங்குவதே அதன் நோக்கம். அப்பங்குச் சீட்டில் தொழிலாளியின் பெயர் உரிமையாளனின் பெயராக இருந்தது. தோட்டப் பெயர்ப்பட்டியலில் எண்ணப்பட்ட தலையாக இருந்தவனின் பெயர் முதன்முறையாக அவன் கையிலிருந்த சீட்டில் எழுதப்பட்டது. ஆனால் எல்லாரும் அந்நிலையை எய்தவில்லை. பிறப்புச் சான்று இல்லாமலும், குடியுரிமை இன்றி நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடும் முதுமை எய்தியவர்கள் தோட்டத் தமிழரிடையே இருந்தார்கள், இருக்கிறார்கள். தான் பிறந்த மண்ணில் தான் பிறந்தது உண்மை என்று மற்றொருவர் சொல்ல வேண்டிய நிலை, 1845 இல் டக்ளஸ் நின்ற நிலையிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனையும் வீட்டுமனைகளும் எழுந்துவிட்ட அதே தோட்டங்களில் இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். தரகருக்குக் கட்டிய பணம் அவர்களுள் பலருக்குக் கடனாக நிற்கிறது. ஒருவருடைய கடவுச்சீட்டை உரிய அதிகாரமின்றி மற்றொருவர் வைத்திருப்பது 1966 ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றமாக இருந்தும், தொழிலாளியின் கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் கிடக்கும் வழக்கம் முற்றாக மறையவில்லை. தன்னைப் பற்றிய ஓலை பிறர் கையில் இருப்பதே ஆளோலையின் முதல் அடையாளம் என்று முன்னர்க் கூறியது இங்கும் பொருந்தும். கங்காணியின் பட்டியலில் பெயராக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈப்போவில் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் கடைக்காரராகவும் இருக்கிறார்கள். சான்று கேட்டு நின்ற குடும்பங்கள் சான்று கூறும் இடத்துக்கு வந்துவிட்டன. இரவல் மதிப்போடு வாழ்ந்த ஒரு சமூகம், தான் பெற்றதைப் பிறருக்கு எவ்வடிவில் கொடுக்கப்போகிறது என்பதே இக்கேள்வியின் இன்றைய வடிவம்.

சைவ மரபின் இரண்டு ஓலைகளும் முடிந்த விதம் இதற்கு வழிகாட்டக் கூடும். வழக்கில் வென்ற முதியவராக வந்த சிவபெருமான் அருட்டுறைக் கோயிலுக்குள் சென்று மறைந்தபின், அடிமை என்று தீர்ப்பான சுந்தரர் தம்பிரான் தோழர் என்ற பெயரைப் பெறுகிறார். ஆளோலை நட்பில் முடிகிறது. திருமுகத்தைத் தலைமேல் ஏற்ற சேரமானைப் பற்றியோ பெரியபுராணம் வேறொன்றும் சொல்கிறது. முடிசூடி அவர் நகர்வலம் வந்த நாளில், மழையில் கரைந்த உவர்மண் உடலெங்கும் ஊறி வெளுத்திருந்த ஒரு வண்ணாரைக் கண்டு, அவ்வெண்மையில் திருநீற்றுக் கோலத்தை உணர்ந்து, யானையிலிருந்து இறங்கி வணங்கினார். அஞ்சித் தம் தொழிலைச் சொல்லித் தாழ்ந்த அவரிடம், தாமும் ஓர் அடியவனே என்றார். பின்னாளில் ஆலவாயிலிருந்து வந்த மடலின் அருமையை அறிந்த அரசர் அவர். அவர் இறங்கி நின்ற அந்த வீதியில், வண்ணாரின் தலையில் உவர்மண் பொதி இருந்தது. கையில் ஓலை எதுவும் இருக்கவில்லை.